அரங்கேறாத ஆட்டமும் அதன் மூலபாடமும்: ‘அக்கா ஆர்’ முன்மாதிரியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

1982இல் அடாரி நிறுவனம் உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவராமல் கைவிட்ட ‘அக்கா ஆர்’ என்னும் ஆர்கேட் விளையாட்டின் பாதுகாப்பை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நிரல் அழியாமல் காக்கப்பட்டது பெரும்பேறு. ஆயினும் அது கிடைத்த வழி பதிவாகாதது ஒரு பாடக்குறை என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: முன்மாதிரி, எமுலேட்டர், மூலபாடம், படியெடுத்தல்.

முன்னுரை

டேவ் ரால்ஸ்டன், மைக் ஹாலி ஆகியோர் வடிவமைத்த இவ்விளையாட்டில், திரையின் நடுவிலுள்ள அரணை ஆட்டக்காரர் உருளைப்பந்தின் துணையால் காக்கிறார். பகைவர் அரணுக்குள் புகுந்தால் காட்சி நெருங்கி, போர் அணுக்கத்தில் தொடர்கிறது. பொதுவிடச் சோதனையில் போதிய வரவேற்புப் பெறாமையால் உற்பத்தி கைவிடப்பட்டது. எஞ்சியவையாக அறியப்படும் எந்திரங்கள் மூன்றே.

காப்பின் தேவை

முன்மாதிரிகளின் நிரல் பெரும்பாலும் ஈப்ராம் சில்லுகளில் பதியப்பட்டது. அவற்றின் கண்ணாடிச் சாளரத்தில் புற ஊதாக் கதிர் பட்டால் பதிவு அழியும். படாவிடினும் உள்ளிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஓலைக்குச் செல் எவ்வாறோ, சில்லுக்குக் கசிவு அவ்வாறு. எனவே படியெடுத்தலைக் காலந்தாழ்த்த இயலாது. 2019இல் இதன் நிரற்படி இணையத்தில் வெளியாகி, 1997 முதல் வளர்ந்துவரும் ‘மேம்’ எமுலேட்டரில் இணைந்தது. சிலர் மட்டுமே கண்ட ஆட்டம் அனைவருக்கும் உரியதாயிற்று.

பாடக்குறை

அப்படியை வெளியிட்டவர் தம் பெயரைக் கூறவில்லை. உரிமையாளர் அறியாமல் படியெடுக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது, அது நிறுவப்படவில்லை. இதனை அறம் சார்ந்த சிக்கலாக மட்டுமே பலர் விவாதித்தனர். பதிப்பு நோக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. மேம் ஒவ்வொரு படிக்கும் சரிபார்ப்புத்தொகையைப் பதிகிறது. அத்தொகை ‘இது அதே படி’ என்று உறுதிசெய்யும். ‘எந்த எந்திரத்தின் படி, எந்நிலையில் எடுக்கப்பட்டது’ என்று சொல்லாது. ஒரே சுவடியைக் கொண்டு பதிப்பித்தவர் அச்சுவடியின் வரலாற்றையும் மறைத்துவிட்டால், பிழையையும் பாடத்தையும் பிரித்தறிவது எங்ஙனம்? கசிந்த சில்லொன்றின் பிழை, மூலத்தின் இயல்பாகவே நிலைத்துவிடக்கூடும்.

ஆட்ட அனுபவம்

2022இல் ‘அடாரி 50’ தொகுப்பு இவ்விளையாட்டை முறைப்படி வெளியிட்டது. 2023இல் ஜெஃப் மின்டரின் மறுபடைப்பு வந்தது. பின்னது தனிப்படைப்பு, மூலத்திற்கு மாற்றாகாது. முன்னதிலும் ஒன்று விடுபடுகிறது. 1982இன் ஆட்டக்காரர் ஒவ்வொரு தோல்விக்கும் நாணயம் இழந்தார். விதி புரியுமுன் கைப்பொருள் தீர்ந்தது. இன்றோ எத்தனை முறையும் செலவின்றி ஆடலாம். எனவே ‘நல்ல ஆட்டத்தை அன்று அநியாயமாகப் புறக்கணித்தனர்’ என்னும் இன்றைய தீர்ப்பு, அளவுகோல் மாறியதை மறந்த தீர்ப்பாகும். நிரல் காக்கப்பட்டது, அது புறக்கணிக்கப்பட்ட சூழல் காக்கப்படவில்லை.

முடிவுரை

அனுமதிக்காகக் காத்திருந்து சில்லு அழிவதினும் பெயரில்லாப் படி மேலானது. ஆயின் அதனை இறுதிப் பதிப்பாகக் கொள்ளலாகாது. எஞ்சிய எந்திரங்களின் சில்லுகளோடு அதனை ஒப்பிடுதல், படியெடுத்த நாள், முறை, பலகையின் நிலை ஆகியவற்றை நிரலுடன் சேர்த்துப் பதிதல், சோதனைக்கால ஆவணங்களைத் திரட்டுதல் என்னும் மூன்றும் நிறைவேறிய பின்னரே காப்புப்பணி முழுமை பெறும். அவற்றுக்கு எந்திர உரிமையாளரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. மறைவில் எடுத்த படி அவ்வொத்துழைப்பைக் குலைக்கும் என்பதே அதன் உண்மையான விலை.