தோப்புக்குள் தோற்கும் தோள்வலிமை

டிஸ்க் கோல்ஃப் என்றதுமே தட்டு எவ்வளவு தூரம் போகும் என்றுதான் கேட்கிறார்கள். 2016-இல் நெவாடா பாலைவனத்தில் காற்றின் துணையோடு டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தது இன்றும் வியக்க வைக்கும் எறிதான். ஆனால் 60, 70 மீட்டரில் கூடையும் வழி நெடுக மரங்களும் இருக்கும் சின்னத் தோப்பு மைதானத்தில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. முதல் மரத்தைத் தொடாமல் தட்டு தாண்டுகிறதா என்பதில்தான் அங்கே ஆட்டமே இருக்கிறது. ஆந்திராவின் புத்தூர், நகரி, நாராயணவனம் வட்டாரத்துக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் வெட்டவெளியைத் தேடாமல் தோப்பைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுமார் 21 செ.மீ. அகலமும் 170 கிராம் எடையும் உள்ள தட்டை, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் மிகக் குறைந்த எறிகளில் விழ வைப்பதுதான் ஆட்டம். எட் ஹெட்ரிக் 1975-இல் கலிஃபோர்னியாவில் அமைத்த முதல் நிரந்தர மைதானமே ஓக் மரங்களுக்கு நடுவில்தான் இருந்தது. மரம் என்ன செய்கிறது என்பதற்குச் சிறு கணக்கு போதும். எறியும் இடத்திலிருந்து 20 மீட்டரில் இரண்டு மரங்களுக்கு இடையே 3 மீட்டர் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டின் அகலத்தைக் கழித்தால், குறி இருபுறமும் நான்கு டிகிரி வரை பிசகலாம். அதே சந்து 40 மீட்டரில் இருந்தால் இரண்டு டிகிரிதான். போதாததற்கு, வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்த தட்டு வேகம் குறையக் குறைய இடப்புறம் சாயும். ஃபோர்ஹேண்டில் எறிந்தது வலப்புறம் சாயும். உடம்பை முறுக்கி முழு பலத்தோடு எறிகிறவருக்கு இரண்டு டிகிரியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. மரத்தில் பட்டு புதருக்குள் விழுந்த தட்டை அங்கிருந்தேதான் எறிய வேண்டும்: ஓடிவந்து எறிய இடமில்லை, கிளைக்கு அடியில் முழங்காலிட்டு மணிக்கட்டை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். இரண்டில் முடிந்திருக்க வேண்டிய கூடை மூன்றாகும், நான்காகும். கேரம் பலகையில் ஓங்கி அடிப்பவரைவிடக் கோணம் பார்த்துச் சுண்டுபவர் ஜெயிப்பதைப் போலத்தான் இதுவும்.

மரத்தில் பட்டுத் தெறிப்பதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பார்கள். ஒரு கூடையில் அது உண்மை. நான்கைந்து நாள் போட்டியில் அது நிற்காது. 2023 உலகச் சாம்பியன் போட்டி வெர்மாண்ட் மாநிலத்தின் ஸ்மக்லர்ஸ் நாட்சில் நடந்தது. அங்கே ஆடிய மைதானங்களில் ஒன்று அடர்ந்த மலைக்காட்டுக்குள் இருந்தது. ஐசக் ராபின்சன் வென்றார். 2024-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில், காடும் வெளியும் கலந்த மைதானங்களில், மறுபடியும் அவரே வென்றார். அவரைவிட நெடுந்தூரம் எறிபவர்கள் அந்தக் களத்திலேயே இருந்தார்கள். இவை நீளமான மைதானங்கள், இரண்டு வெற்றிகளும் சிறிய சான்றுதான். ஆனாலும் மரம் குருட்டுச் சூதாட்டம் ஆடியிருந்தால் ஒரே ஆள் அடுத்தடுத்து வென்றிருக்க மாட்டார்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கிளைகள் தாழ்ந்திருந்தால் தட்டை உயர்த்தி எறிய முடியாது. தாழப் பறந்து 60 மீட்டர் போக வேகம் வேண்டாமா? வேண்டும். 120 மீட்டர் எறியக்கூடியவர் பாதி பலத்தில் அதை நிதானமாகச் செய்வார் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அளவு வேகம், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ பழகும் இளைஞர்களுக்கு எட்டாததல்ல. அதற்கு மேல் இருக்கும் பலம் தோப்பில் செலவாவதே இல்லை. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்று தமிழகமே நம்பி வரும் ஊரில் இன்னொன்றையும் சொல்லலாம்: முழு பலத்தில் எறிவதுதான் தோளையும் முழங்கையையும் பதம் பார்க்கும். சின்ன மைதானம் அதைக் கேட்பதில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாந்தோப்புகளில் பழைய முறைப்படி மரத்துக்கு மரம் சுமார் 10 மீட்டர் இடைவெளி. வரிசைக்கு நடுவே நேர்ச்சந்து, மூலைவாட்டில் இன்னொரு சந்து என்று மைதானம் பாதி தயாராகவே நிற்கிறது, நிழலும் உண்டு. குறையும் உண்டு. பூவிட்டது முதல் காய் இறங்கும் வரை, அதாவது ஜனவரி முதல் ஜூலை வரை, எந்த விவசாயியும் உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது. திரும்பத் திரும்பத் தட்டு பட்டால் பட்டை உரியும். கூடைப் பாதையில் உள்ள அடிமரங்களுக்குத் தேங்காய் நார்க்கயிறு சுற்றியே ஆக வேண்டும். கிளை உயர்ந்த புளியந்தோப்பு இன்னும் பொருத்தம். செம்மரம் நிற்கும் காப்புக்காட்டில் மட்டும் கூடை நட நினைக்கவே வேண்டாம். அது விளையாட்டு இடமில்லை.

தோப்பில் இத்தனை கட்டுப்பாடுகள் இருப்பதால், முதலில் பள்ளிகளும் கல்லூரிகளும் தங்கள் வளாகத்து மரங்களுக்கிடையே ஒன்பது கூடைகளோடு தொடங்கட்டும். எந்தக் கூடையும் 75 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.