அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள்: பெரெக்கின் ‘டபிள்யூ’ பற்றி

முதலில் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1958 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சிர்லா என்ற பெண் 1943 பிப்ரவரி 11ஆம் தேதி பிரான்சிலுள்ள திரான்சியில் இறந்துவிட்டார் என்றது அந்த ஆணை. தேதியும் நிஜம், ஊரும் நிஜம். ஆனால் அந்தத் தேதியில் அந்த ஊரில் அவர் சாகவில்லை. திரான்சி, பாரிசை ஒட்டியிருந்த தடுப்பு முகாம். அன்றைக்கு அங்கிருந்து ஆஷ்விட்சுக்குக் கிளம்பிய ரயிலில் அவரை ஏற்றினார்கள். ஏற்றியதுவரைதான் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே ரயிலேறிய இடமே செத்த இடமாகிவிட்டது. அடுத்த வருடம், 1959 நவம்பர் 17இல், இன்னோர் ஆணை வந்தது. இவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்திருந்தால், பிரான்சுக்காக உயிர்நீத்தவர் என்ற கௌரவம் கிடைத்திருக்குமாம். அந்த ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லில் ஓர் அரசின் முழு முகமும் இருக்கிறது.

இந்தச் சிர்லாவின் மகன்தான் நாவலாசிரியர் ஜார்ஜ் பெரெக் (1936-1982). இரண்டு ஆணைகளையும் ‘டபிள்யூ அல்லது பால்யத்தின் நினைவு’ (1975) என்ற தன் புத்தகத்தில் தேதியோடு போட்டு வைத்திருக்கிறார். அதன்மேல் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அம்மாவுக்குக் கல்லறை இல்லை என்பதையும் ஒரு தகவலாகத்தான் சொல்கிறார். டேவிட் பெல்லோஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1988) இதை முதல் தடவை படித்தபோது இந்த வறட்சி எனக்கு எரிச்சலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். யூதக் குடும்பம், யுத்தம், பிரிவு என்றாலே ஒருவகை அழுகைக்கு நாம் பழகிப்போயிருக்கிறோம். அது கிடைக்காவிட்டால் எழுத்தாளன் எதையோ பதுக்கிவிட்டான் என்று சந்தேகப்படுகிறோம்.

குடும்பக் கதை என்று பார்த்தால் நாலு வரிதான். போலந்திலிருந்து பாரிசுக்குப் பிழைக்க வந்த யூதர்கள். பெல்வில் பகுதியில் விலேன் தெரு, 24ஆம் எண். அங்கே அம்மா பெண்களுக்கான முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். யுத்தம் வந்ததும் அப்பா வெளிநாட்டவருக்கான படைப்பிரிவில் தானாகப் போய்ச் சேர்ந்தார்; 1940 ஜூனில், பிரான்ஸ் பணிவதற்குச் சில நாட்கள் முன்பு, காயம்பட்டு இறந்தார். போரில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்ற கணக்கில் ஐந்தாறு வயதுப் பையனைச் செஞ்சிலுவைச் சங்க ரயிலில் ஏற்றித் தெற்கே அனுப்பினார் அம்மா. கிரெனோபிள் பக்கத்து மலையூரான வில்லார்-த-லான்சில், அத்தை குடும்பத்தாரின் பொறுப்பில், கத்தோலிக்க விடுதிப் பள்ளியொன்றில் அவன் வளர்ந்தான். ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அம்மா பாரிசிலேயே இருந்துவிட்டார், 1943 ஜனவரியில் பிடிபட்டார். பிரான்சிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர். யுத்தம் முடிந்ததும் அத்தையும் மாமாவும் பையனைப் பாரிசுக்குக் கூட்டிவந்து ஆளாக்கினார்கள்.

இதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற புத்தகமல்ல ‘டபிள்யூ’. இரண்டு பிரதிகள் அதில் மாறிமாறி ஓடுகின்றன. ஒன்று சுயசரிதை, தனக்குப் பால்ய நினைவே கிடையாது என்ற அறிவிப்போடு அது ஆரம்பிக்கிறது. மற்றது கற்பனை: ராணுவத்திலிருந்து தப்பியோடி கஸ்பார் விங்க்லர் என்ற பொய்ப்பெயரில் வாழ்கிற ஒருவன். அந்தப் பெயரின் நிஜச் சொந்தக்காரன் வாய்பேசாத, காதுகேளாத ஒரு சிறுவன். கப்பல் விபத்தில் காணாமற்போன அந்தச் சிறுவனைத் தேடும்படி இவனைக் கேட்கிறார்கள். அப்புறம் ஒரு பக்கம் வருகிறது. அதில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் மட்டும். பக்கத்தைத் திருப்பினால் தேடலும் இல்லை, சிறுவனும் இல்லை. தியரா தெல் ஃபுவேகோ அருகே டபிள்யூ என்றொரு தீவு, அதன் சட்டதிட்டங்கள், விளையாட்டுப் போட்டிகள். சுயசரிதைப் பகுதியில் அந்தப் பக்கத்துக்கு முன்னால் பாரிஸ், பின்னால் வில்லார். அம்மாவும் பிள்ளையும் பிரிந்தது அந்தப் புள்ளிகளுக்குள்தான் எங்கோ கிடக்கிறது.

ரயில் நிலையம் பற்றிய நினைவே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பாரிசின் லியோன் நிலையத்தில் அம்மா ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கித் தருகிறார். அட்டையில் சார்லி சாப்ளின், பாராசூட்டில் தொங்கிக்கொண்டு. பையனின் ஒரு கையைத் துணியில் கட்டிக் கழுத்தோடு தொங்கவிட்டிருக்கிறது. இவ்வளவுதான் மொத்தச் சொத்து. அதையும் பெரெக் விட்டுவைக்கவில்லை. கையில் கட்டு எதுவும் இல்லை என்று அத்தை அநேகமாக உறுதியாகச் சொல்கிறார். ஒருவேளை அது குடலிறக்கத்துக்குப் போட்ட பட்டையோ? பாராசூட், கைக்கட்டு, குடலிறக்கப் பட்டை. மூன்றும் விழாமல் தாங்கிப் பிடிக்கிற சமாசாரங்கள் என்று அவரே கண்டுகொள்கிறார். அம்மா அப்பா பற்றிப் பதினைந்து வருடம் முன்பு எழுதிய பக்கங்களை ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டு, குறிப்புகளில் அவற்றையே மறுத்துக்கொண்டு போகிறார். பெயர் தப்பு, தேதி தப்பு, இது வேறு யாருக்கோ நடந்தது. பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சரியாக எழுதியிருக்கலாமே? எழுதவில்லை. 1958இல் ராணுவ சேவையின்போது கொஞ்ச காலம் பாராசூட் வீரராக இருந்தார். குதிக்கிற கணத்தில் அந்த அட்டைப்படத்தின் பொருள் தனக்குப் பிடிபட்டது என்கிறார். அதே 1958இல்தான் அம்மா செத்துப்போனதாக அரசு தீர்மானித்தது. இந்த இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை, நான்தான் போடுகிறேன்.

இந்தப் புத்தகத்தை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். முதலாவது மனிதநேய வாசிப்பு. எத்தனை கொடுமைக்கு நடுவிலும் ஒரு குழந்தை பிழைத்தது, எழுதியது, மனிதம் வென்றது என்று கண் கலங்குவது. பெரெக் எதையும் வெல்லவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையை மட்டும் அனுப்ப முடிந்தது, தான் போக முடியவில்லை. இதில் வெற்றி எங்கே இருக்கிறது?

இரண்டாவது நம்முடைய சிறுபத்திரிகை வட்டாரத்துக்குப் பிடித்தமானது. பிரதி தன்னைத்தானே குலைத்துக்கொள்கிறது, நினைவு என்பதே புனைவு, உண்மை என்று எதுவுமில்லை, எல்லாம் கதையாடல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1978 டிசம்பரில் லெ மோந்த் பத்திரிகையில் ரொபேர் ஃபோரிசோன் என்ற பேராசிரியர், நச்சுவாயு அறைகள் என்பதே வதந்தி என்று எழுதினார். அவருடைய வாதத்தைத்தான் லியோதார் ‘டிஃபரெண்ட்’ (1983) நூலின் தொடக்கத்தில் எடுத்துப் பேசுகிறார்: நச்சுவாயு அறையை உள்ளேயிருந்து பார்த்த சாட்சியைக் கொண்டுவா என்றால், பார்த்தவர் எல்லாம் செத்தவர். சாட்சி சொல்ல முடியாமற்போவதே அந்தக் குற்றத்தின் ஓர் அங்கம். லியோதாரை மேற்கோள் காட்டிக்கொண்டே ‘எல்லாம் கதையாடல்’ என்று முடித்துவிடுகிற நண்பர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பெரெக் செய்வது வேறு. கைக்கட்டு இருந்ததா இல்லையா என்பதை அவர் தீர்க்கவே இல்லை. ஆனால் பிப்ரவரி 11 பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. நினைவு தடுமாறுகிறது, ரயில் தடுமாறவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஒன்றைக் காட்டி மற்றதை இல்லையென்று ஆக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார். வடிவச் சோதனை என்று நாம் பேசுவது இங்கே ஒரு சாட்சியின் நேர்மையாகிவிடுகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் உண்மையறியும் குழு ஒன்றோடு, வீடுகள் கொளுத்தப்பட்ட ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஓர் அம்மா மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார்கள். முதலில், மாமியாரை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றார்கள். அப்புறம் வீட்டுக்காரர் தூக்கினார் என்றார்கள். சாயங்காலம், கிழவி தானே நடந்து வந்தது என்றார்கள். அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. முரண்பாடு இருந்தால் எதிர்த்தரப்பு அதை வைத்தே எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும் என்று மூன்றையும் ஒன்றாக்கினேன். கணவர் தூக்கியதாக. எரிந்த வீடு எரிந்த வீடுதான், அதில் சந்தேகமே இல்லை. பிறகு எதற்கு அந்த அம்மாவின் வாயை நான் ஒழுங்குபடுத்தினேன்? அறிக்கையில் வேறு எப்படித்தான் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் திரான்சியில் செத்தார் என்று எழுதிய குமாஸ்தாவும் ஒரு விடுபடலை ஒழுங்காக நிரப்பியவர்தான்.

நினைவு எட்டாத இடத்துக்குக் கற்பனைப் பகுதி போகிறது. டபிள்யூ தீவில் எல்லோரும் விளையாட்டு வீரர்கள். ஒலிம்பிக் லட்சியம். ஜெயித்தவனுக்கு விருந்து, தோற்றவனுக்குச் சோறு கிடையாது. சொந்தப் பெயர் போய்விடுகிறது. சட்டம் உண்டு, ஆனால் அது எப்போது எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் போட்டியின் பரிசுப் பொருட்கள். நடுவில் சில அத்தியாயங்கள் பட்டியலும் விதிமுறையுமாக அலுப்புத் தட்டுகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அலுப்பில்தான் நாம் மெல்ல மெல்ல விதிகளை ஏற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கிவிடுகிறோம். கடைசியில் பூமிக்கடியில் தங்கப் பற்களும் மோதிரங்களும் மூக்குக்கண்ணாடிகளும் குவிந்து கிடப்பது தெரியவரும்போது, இவ்வளவு நேரம் எங்கே இருந்தோம் என்று புரிகிறது. முகாம் என்ற சொல் வெளியிலிருந்து வரவில்லை, விதிமுறைக்குள்ளிருந்தே வருகிறது. பதின்மூன்று வயதில் கற்பனை செய்து, மறந்தும்போன தீவு இது என்கிறார் பெரெக். புத்தகத்தை முடிக்கும்போது, அந்தப் பக்கத்துத் தீவுகளைப் பினோசெட்டின் ஆட்கள் கைதிகளின் முகாம்களாக்கிவிட்டதையும் சேர்த்துக்கொள்கிறார். தன் அம்மாவின் சாவை அவர் தன் இனத்தின் தனிச்சொத்தாகப் பூட்டி வைக்கவில்லை.

எம்.ஏ.வில் தண்டியலங்காரம் பாடம் நடந்தபோது நிரோட்டகம் வந்தது. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. சிவப்பிரகாசர் ஓர் அந்தாதியையே அப்படிப் பாடியிருக்கிறார். வெறும் சொல்விளையாட்டு என்று நாங்கள் சிரித்தோம். பெரெக் 1969இல் பிரெஞ்சில் மிக அதிகம் புழங்கும் ‘இ’ என்ற எழுத்தே இல்லாமல் முந்நூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதினார், பெயர் ‘மறைவு’. அந்த எழுத்து இல்லாவிட்டால் பிரெஞ்சில் அப்பா என்று எழுத முடியாது, அம்மா என்று எழுத முடியாது, பெரெக் என்றும் எழுத முடியாது. ‘டபிள்யூ’வின் சமர்ப்பணம் அந்த எழுத்துக்குத்தான்; பிரெஞ்சு உச்சரிப்பில் அது ‘அவர்களுக்கு’ என்றும் காதில் விழும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: நிரோட்டகத்தில் பகரமும் மகரமும் வரக்கூடாது. அப்பாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது.

திரான்சியைச் சாவூராகப் போட்ட சான்றிதழ்களைத் திருத்தவும், அவற்றில் நாடுகடத்தலின்போது இறந்தவர் என்று குறிக்கவும் பிரான்சில் சட்டம் வந்தது 1985இல். பெரெக் இறந்து மூன்று வருடம் கழித்து. நாடுகடத்தப்பட்டோரின் பெயர்களை ரயில்வாரியாகத் திரட்டி செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் பட்டியல் வெளியிட்டது 1978இல், ‘டபிள்யூ’ வந்த மூன்று வருடம் கழித்து. அதற்கெல்லாம் முன்பே, 1969 முதல் 1975 வரை, பெரெக் விலேன் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீடாகக் கதவு, சன்னல், கடைப்பலகை என்று கணக்கெடுப்பதுபோல் குறித்துக்கொள்வார். தெரு இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த சமயம். இன்று அங்கே பெரும்பகுதி பூங்கா. 24ஆம் எண் வந்ததும், தான் வாழ்ந்த வீடு அது என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே போகிறார்: மாடி ஒன்று, அடைத்துவிட்ட கதவு, கதவைச் சுற்றிப் பெயிண்ட் தடம், அதற்கு மேலே இன்னும் முழுக்க அழிந்துபோகாத, பெண்களுக்கு முடிதிருத்தும் கடையின் எழுத்து.