திரியில் ஏறும் உப்பு

மாசி மாதக் கடைசி. காலையில் மாடிக்குப் போனால் கத்தரிச் செடியைச் சுற்றி மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சணம் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். யாரும் செய்யக் கூடாத சோதனை. உப்புக் கரித்தது. தொட்டியின் அடியில் தண்ணீர் தளும்புகிறது, மேலே இலையோரம் கருகி நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் நின்றுகொண்டே காய்ந்த செடியை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு பெயிண்ட் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்த தொட்டி அது. அடி வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண்கலவை. நடுவில் துளையிட்ட ஒரு கிண்ணம், உள்ளே கலவை அடைத்து, தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கும். அகல் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்தக் கால் தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுக்கும். கடையில் இதை செல்ஃப் வாட்டரிங் பாட் என்பார்கள். எங்கள் வீட்டில் திரித்தொட்டி. வாரம் ஒருமுறை பக்கக் குழாய் வழியாக அடியை நிரப்பிவிட்டு ஊருக்குக்கூடப் போய்வரலாம்.

சாதாரணத் தொட்டியில் மேலே ஊற்றும் நீர் கீழே இறங்கி, உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. திரித்தொட்டியில் வழி தலைகீழ். நீர் கீழிருந்து ஏறுகிறது, வெயிலில் ஆவியாகிறது, அதில் கரைந்திருந்தது மட்டும் மேலே தங்குகிறது. மரக்காணத்து உப்பளத்தில் நடப்பதுதான் கடலூர் முதுநகரில் என் மாடி வாளியிலும் நடந்திருக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சும்மாவே உப்பு. போதாததற்கு நான் கட்டியாக வாங்கி, கழுவாமல் நிரப்பிய தென்னை நார்க்கழிவிலும் உப்பு.

இந்தத் தொட்டிக்கான யோசனைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. எர்த்பாக்ஸ் என்ற பெட்டி 1990களில் ஃபுளோரிடாவில் ஒரு தக்காளி விவசாயி செய்தது. அங்கே கலவை என்றால் சதுப்புநிலத்துப் பாசியிலிருந்து வரும் பீட் மாஸ். அதில் உப்புத் தொல்லை கிடையாது. ஆகவே அவர்கள் எழுதும் குறிப்புகளில் உப்பைப் பற்றி அதிகம் இருக்காது. நமக்குப் பீட் கிடையாது, தென்னை உண்டு. அங்கே எழுதியதை அப்படியே எடுத்து இங்கே செய்தால் மாசியில் மாட்டிக்கொள்வோம்.

கத்தரி கருகியதற்கு முந்தைய வருடம் வேறு மாதிரி மாட்டியிருந்தேன். சிதம்பரத்தை அடுத்த புவனகிரிப் பக்கம் உறவினர் வயலிலிருந்து இரண்டு மூட்டை வண்டல் கொண்டுவந்து நிரப்பினேன். கோடையில் பாதம் நுழையும் அளவுக்கு வெடிக்கிற களிமண் அது. நெல்லுக்குத் தங்கம். வாளிக்குள் போனதும் நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊறுகாய்ப் பானை மாதிரி ஆகிவிட்டது. வேருக்கு மூச்சு முட்டி, பத்தே நாளில் நாற்று துவண்டது. மணலைக் கூட்டினால் சரியாகும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மணலின் இடுக்குகள் பெரியவை, நீர் நாலு விரல் ஏறுவதற்குள் நின்றுவிடும். களிமண் ஏற்றும், மூச்சு விடாது. மணல் மூச்சு விடும், ஏற்றாது. தென்னை நார்க்கழிவு இரண்டையும் செய்யும், ஆனால் உப்போடு வரும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் கலவை தேடவேண்டியிருக்கிறது.

இலங்கையில் தென்னை நார்க்கழிவுக்குத் தும்புத்தூள் என்று பெயர். பொள்ளாச்சியில் கயிற்றாலைகளுக்குப் பின்னால் குன்றாகக் கிடப்பதும், குருநாகல், புத்தளம் பக்கம் தும்பு ஆலைகளுக்குப் பின்னால் கிடப்பதும் ஒன்றுதான். இரண்டு நாடுகளும் அதைக் கட்டியாக அழுத்தி உலகத்துக்கு விற்கின்றன. உள்ளூரில் பயன்படுத்தும் விதத்தில்தான் வேறுபாடு. அதற்குக் காரணம் வேளாண்மையைவிட வீட்டுக் கூரை என்று எனக்குப் படுகிறது.

கடலூரில் வீடு என்றால் மொட்டை மாடி உண்டு. தோட்டம் போட இடம் அதுதான். தளம் தாங்கவேண்டும், ஒழுகக் கூடாது. ஆகவே கனமில்லாத கலவை வேண்டும். தமிழக அரசு 2021-22இல் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை என்ற தொகுப்பை 225 ரூபாய்க்குக் கொடுத்தபோது, ஆறு பைகளோடு ஆறு இரண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டிகளையும் வைத்தது. மண் என்ற பேச்சே குறைந்துபோயிற்று. இலங்கையில் பெரும்பாலான வீடுகள் ஓட்டுக்கூரை, தகட்டுக்கூரை. யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றி வளவு, வளவில் கிணறு. சாடி வைத்தாலும் தரையில், இறவாணத்துக்குக் கீழே வைப்பார்கள். கனம் யாருக்கும் பிரச்சினையில்லை. அதனால் மேல்மண், கூட்டெரு, மணல் சரிசமம் என்ற பழைய கணக்கு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தும்புத்தூளை ஏற்றுமதி செய்யும் நாட்டில் வீட்டுச் சாடியில் மண்!

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டது 2023 அக்டோபரில். பிறகு ஒருமுறை அதில் போனேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கல். முற்றத்தில் ரிஜிபோம் (நம் தெர்மோகோல்) பெட்டி ஒன்றில் மூடி போட்டு, மூடியில் துளையிட்டு, துளைகளில் சிறு கிண்ணங்களில் சலாது இலை வளர்த்திருந்தார். உள்ளே அல்பர்ட் கரைசல், அங்கே எல்லோருக்கும் தெரிந்த நீரியல் பயிர் உரம். மண்ணில்லாப் பயிராக இதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். கிண்ணத்தில் இருந்த தும்புத்தூள்தான் திரி. என் வாளியின் ஒன்றுவிட்ட தங்கை!

நான் என் கத்தரிக் கதையைச் சொன்னேன்.

"தும்புத்தூளைக் கழுவினனீங்களோ?" என்று கேட்டார்.

"கடையில கழுவினதுன்னு சொன்னாங்க டீச்சர்."

"கடைக்காரன் சொல்லுவான் தம்பி. தண்ணி தெளிஞ்சு வருமட்டும் நீங்கள் கழுவ வேணும். மற்றது, தனியத் தும்புத்தூள் போடாதேங்கோ. உமிக்கரி கலவுங்கோ, இறுகாது."

உமிக்கரி என்றதும் எனக்குப் பாட்டி பல் துலக்கியதுதான் நினைவுக்கு வந்தது. டீச்சர் சொன்னது அந்தக் கருமைதான், ஆனால் உமியின் உருவம் கெடாமல். இலங்கை விவசாயத் திணைக்களம் நாற்று மேடைக்கும் சாடிக்கும் பாதி எரித்த உமியைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. துளையிட்ட தகர டின்னில் புகைபோக்கி செருகி, உள்ளே நெருப்பிட்டு, சுற்றிலும் உமியைக் குவிப்பார்கள். உமி கறுக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் போச்சு. எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் கேட்டால் கொதிகலன் சாம்பலை அள்ளித் தருவார்கள். அது முழுக்க எரிந்தது, காரத்தன்மை மிகுந்தது, கலவையில் போடக் கூடாது. கருக்கிய உமி என்று கேட்டால் நம் பக்கம் விழிக்கிறார்கள். நெல் விளையும் சிதம்பரத்தில் இது பழக்கத்தில் இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான். இந்த ஒரு விஷயத்தில் ஈழத்தவரிடம் நாம் நேராகக் கற்றுக்கொள்ளலாம்.

கருக்கிய உமி செய்யும் வேலை எளியது. நார்க்கழிவு நாள்பட மக்கி, படிந்து, இடுக்குகள் அடைபடும். கருகிய உமி மக்காது. வேருக்குப் போகும் காற்றுவழியைத் திறந்தே வைத்திருக்கும்.

கூட்டெரு விஷயத்தில் இலங்கைக்காரர்களுக்குக் கசப்பான பாடம் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றி, 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வீட்டில் பயிரிடுவதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2011இல், வாழ்வின் எழுச்சித் திட்டத்தில் பத்து லட்சம் வீட்டுத்தோட்டம் என்று இலக்கு வைத்து விதையும் கன்றும் கொடுத்த நாடு அது. பசளை கிடைக்காத மாதங்களில் கூட்டெரு என்ற பெயரில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சாடியில் போட்டோம் என்றார் டீச்சர். சில பொதிகளில் கண்ணாடித் துண்டு. அன்றிலிருந்து சலிக்காத எருவை அவர் தொடுவதில்லை. கிளிசறியாக் குழையை வெட்டித் தானே மக்க வைக்கிறார். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்ப்பது பழைய பழக்கம். அதன் சிறு வடிவம் அவர் முற்றத்து மூலையில் இருந்தது.

இங்கே கடலூரில் அந்தக் கஷ்டம் வரவில்லை. வராததால் அசட்டையும் உண்டு. தொழுவுரம் என்று அரைகுறையாக மக்கிய சாணத்தைத் திரித்தொட்டியில் போட்டுவிடுகிறோம். தரையில் அது தப்பிக்கும். எப்போதும் ஈரமாக இருக்கும் வாளிக்குள் நாறும், வேரழுகலைக் கூட்டிவரும். புண்ணாக்கும் அப்படித்தான். கலவைக்குள் கலக்கக் கூடாது, அடி நீரில் ஊறவைக்கவும் கூடாது. மேலே ஓரமாக, செடியின் அடித்தண்டிலிருந்து தள்ளி, கொஞ்சமாக வைக்கலாம்.

தண்ணீரில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிறது. கேத்தலில் வெள்ளை படியும். தென்னை நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் அதிகம், கால்சியம் குறைவு. கிணறே அந்தக் குறையை ஓரளவு நிரப்பிவிடும். பதிலுக்குக் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து கிடைக்காமல் கொழுந்து மஞ்சளாகும். அது தனி வழக்கு. எங்கள் கடற்கரை ஆழ்துளை நீரில் இருப்பது சோடியம். நார்க்கழிவுக்கு ஏற்கெனவே உள்ள நோயை அது இன்னும் கூட்டும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதைப் பூச்சி என்று மருந்தடித்தவர்களில் நானும் ஒருவன். அது பெரும்பாலும் கால்சியப் பஞ்சம்.

வெறும் தண்ணீரில் கழுவினால் மேலோட்டமான உப்புத்தான் போகும். நார்த்துகளோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தைக் கழற்ற கால்சியம் வேண்டும். பசுமைக்குடில்காரர்கள் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைப்பார்கள். நமக்கு அருகில் இருப்பது ஜிப்சம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ போடுகிறார்களே, அதேதான். உரக்கடையில் கிடைக்கும். இரண்டு கிலோ கட்டிக்கு ஒரு கைப்பிடி, ஓரிரவு ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். அலசுவதற்கு ஆழ்துளை நீர் ஆகாது. குடிநீர்க் குழாய் அல்லது பிடித்துவைத்த மழைநீர். ஆர்.ஓ. எந்திரம் பழுதுபார்ப்பவர் கையில் வைத்திருக்கும், நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை நான் வாங்கினேன். முதல் பிழிவில் 1,800 காட்டியது. ஜிப்சம் ஊறிய நீரிலும் எண் ஏறும், பயப்பட வேண்டாம். கடைசி அலசலில் 300க்குக் கீழே வந்தது.

இப்போது என் அளவு இது: கழுவிய நார்க்கழிவு ஐந்து பங்கு, சலித்த மண்புழு உரம் மூன்று, கருக்கிய உமி இரண்டு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். இது மட்டும் நான் சொன்ன விதிக்கு விலக்கு, அளவு அவ்வளவு சிறிது. பண்ருட்டிச் செம்மண் ஆசைக்கு ஒரு கையளவு. டீச்சர் தன் சாடிக்கு மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள், உமிக்கரி நான்கும் சமம் என்கிறார். தரையில் நிற்கும் சாடிக்கு, மேலிருந்து ஊற்றுவதற்கு, அவருடையது என்னுடையதைவிட நல்லது; மண் சத்தைப் பிடித்துவைக்கும், உரம் அடிக்கடி கேட்காது. திரித்தொட்டிக்கு ஆகாது. அவரிடமே சொல்லிவிட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை.

புதுக் கலவை எதுவானாலும் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலை மேல் கீழ் வெட்டி, அடியில் துணி கட்டி, கலவையை நிரப்பி, இரண்டு விரல் தண்ணீரில் இரவு நிறுத்தவேண்டும். காலையில் ஈரம் ஒரு சாண் ஏறியிருந்தால் சரி. உச்சிவரை ஏறிச் சொதசொதவென்றிருந்தால் உமி கூட்டு. நாலு விரலில் நின்றால் நார்க்கழிவு கூட்டு.

கொசுவைச் சொல்லாமல் விடமுடியாது. அடி வாளி நீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். இலங்கையில் 2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. கொசு வளர விடுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2007இலிருந்தே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து சிரட்டையைக்கூடப் புரட்டிப் பார்ப்பார். அதனால் டீச்சரின் பெட்டி மூடியில் ஊசி நுழைய இடைவெளி இல்லை. என் வாளியில் நிரப்பும் குழாய் திறந்தே கிடந்தது. இப்போது அதற்கும் நீர் வழியும் துளைக்கும் பழைய நைலான் வலை கட்டியிருக்கிறேன்.

கத்தரி விதைக்குப் பண்ருட்டி அருகே பாலூர் ஆராய்ச்சி நிலையம் போதும். 1905இலிருந்து இருக்கிறது, பாலூர் 1 என்ற கத்தரி அங்கே வந்ததுதான்.  

எர்த்பாக்ஸ் முறையில் மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மழையைத் தடுக்கச் சொல்வார்கள். வெயில் மாதங்களில் நானும் போடுகிறேன், ஆவியாதல் குறைந்தால் உப்பு மெதுவாகத்தான் ஏறும். ஐப்பசி வந்தால் எடுத்துவிடுகிறேன். கடலூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வடகிழக்குப் பருவமழை ஒன்றே. வருடத்தில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே அலசல் அது. போன ஐப்பசியில் முதல் கனமழை அன்று குடை பிடித்துக்கொண்டு மாடியேறி, வாளிகளின் அடி அடைப்புகளைப் பிடுங்கிவிட்டேன். தேநீர் நிறத்தில் ஒழுகியது. அரைமணி கழித்து வெளுத்தது. மீட்டரை நீட்டினேன்: 420. இன்னும் ஒரு மழை வேண்டும் என்று அடைப்பை மூடாமல் இறங்கினேன்.