ஹாத்திம் தாயின் மூன்றாவது அம்பு

மாயக் கதை என்றவுடன் நம் இல்லங்களில் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஜின்னும் பரியும் பேசும் பறவையும் மலிந்த பொய். பிள்ளைகளின் பொழுதைக் கெடுப்பது. இதுவே அவர்தம் தீர்ப்பு. பொய் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீரம் என்னும் சொல்லுக்கு அக்கதைகள் தரும் பொருளை நாம் உரசிப் பார்த்திருக்கிறோமா?

ஹாத்திம் தாய் கதையையே எடுத்துக்கொள்வோம். தய்யி கோத்திரத்து ஹாத்திம் வரலாற்றில் வாழ்ந்தவர், கொடைக்குப் பேர்போனவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிட்டுமுன்பே மறைந்தவர். அவருடைய மகனார் அதீ (ரலி) பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார். அந்தக் கொடையாளரைப் பாரசீகத்தார் கதைத் தலைவனாக்கி, ஏழு வினாக்களுக்கு விடை தேடி அலையவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதர் பக்‌ஷ் ஹைதரி அதனை உருதுவில் எழுதினார். 1830இல் டங்கன் ஃபோர்ப்ஸ் ஆங்கிலத்தில் தந்தார். 1956இலும் 1990இலும் இந்தித் திரைப்படங்களாகவும் வந்தது.

இக்கதையில் வியப்புக்குரியது யாதெனில், தேடல் ஹாத்திமுடையதே அன்று. ஹுஸ்ன் பானுவை மணக்க விழைந்தவன் முனீர் ஷாமி என்னும் இளவரசன். விடை காண வழியறியாது காட்டில் அழுதுகொண்டிருந்த அவனுடைய சுமையை, எவ்வித ஆதாயமும் இன்றி ஹாத்திம் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். முதற் பயணத்திலேயே, பால் கொடுக்கும் மானைத் துரத்தும் ஓநாயைத் தடுத்து, அதன் பசிக்குத் தன் தொடைச் சதையை அறுத்துக் கொடுக்கிறான். ஓநாயைக் கொல்ல அவனுக்கு ஆற்றல் இல்லாமலில்லை. அதற்கும் பசி உண்டு என்பதை அவன் மறக்கவில்லை, அவ்வளவே.

குறையும் உண்டு. கரடி மகள் தந்த மணி ஒன்று தீயிலிருந்தும் நஞ்சிலிருந்தும் அவனைக் காக்கிறது. மணி கையில் இருக்கையில் தீயில் நடப்பது என்ன வீரம்? அந்த இடங்களில் கதை தளர்ந்துவிடுகிறது என்றே சொல்வோம்.

இறுதி வினாவான மாய ஹம்மாமில்தான் அது மீண்டும் நிமிர்கிறது. கூண்டில் ஒரு கிளி, ஒரு வில், மூன்று அம்புகள். முதல் அம்பு தவறுகிறது, கால்கள் கல்லாகின்றன. இரண்டாவதும் தவறுகிறது, கல் இன்னும் மேலே ஏறுகிறது. முன்னர் வந்து தோற்றவர்கள் சிலைகளாய்ச் சுற்றி நிற்கிறார்கள். ஹாத்திம் கண்களை மூடி, இறைவன் பெயரைச் சொல்லி மூன்றாவது அம்பை விடுகிறான். கிளி வீழ்கிறது, சிலைகளும் உயிர் பெறுகின்றன. பாதி கல்லாகிவிட்ட மனிதன் எஞ்சிய பாதியைக் கொண்டு செய்த செயல் அது.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது விக்கிரமாதித்தன் வேதாளக் கதை. எங்கள் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, காரத்தொழுவு என்னும் கொங்குச் சிற்றூரில் 1924இல் பிறந்து 2020இல் மறைந்த ஓவியர் சங்கர், பிணத்தைத் தோளிலிட்டு வாளேந்தி நடக்கும் அவ்வரசனை ‘அம்புலிமாமா’வில் வரைந்து தந்தார். ‘அம்புலிமாமா’ நின்றுபோய் ஆண்டுகள் பல ஆயினும் அப்படம் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. அதில் வாளுக்கு வேலையே இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? உண்மை விடையைச் சொன்னால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அறிந்தே சொல்கிறான், மறுபடி மரத்தை நோக்கி நடக்கிறான்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் காணும் மாய வீரர்கள் வீழ்த்திய தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை தோற்றால் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்கிவிடலாம், கால் கல்லாவதில்லை. தேர்வில் ஒருமுறை தவறிய பிள்ளை வீட்டில் ஒடுங்கிக் கிடக்கையில், அவனுக்குச் சொல்ல அந்த வீரர்களிடம் எதுவும் இல்லை. ஆகவே ஹாத்திம் கதையைச் சிறுவர்க்கெனச் சுருக்கி எழுதும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: பரிகளைக் குறையுங்கள், மணியை எடுத்துவிடுங்கள்; தவறிய அந்த இரண்டு அம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.