காட்சியும் கட்டமைப்பும்: வினோத் பிஹாரி முகர்ஜியின் ஓவியங்களில் இயற்கை

இயற்கையிலிருந்து ஆக்கத் தூண்டுதல் பெற்ற கலைஞரை மதிப்பிடும்போது விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டு நிலைப்பாடுகளுள் ஒன்றையே மேற்கொள்வர். இயற்கையின் எழிலில் தம்மை இழந்தவர் எனப் போற்றுவோர் ஒரு சாரார். சமூக முரண்பாடுகளை எதிர்கொள்ளத் துணியாது மரஞ்செடிகளுக்குள் ஒளிந்துகொண்டவர் எனக் குறைகூறுவோர் மறுசாரார். இயற்கை கலைஞனுக்குப் புறத்தே கிடக்கும் ஒரு காட்சிப்பொருள் என்ற எண்ணம் இவ்விரு சாராருக்கும் பொதுவானது. வங்காள ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் (1904–1980) ஆக்கங்கள் அவ்வெண்ணத்தையே கேள்விக்குள்ளாக்குகின்றன. ஐம்பது வயதைக் கடந்தபின் பார்வையை முற்றாக இழந்த அவர், இறக்கும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கலைப்பணியைத் தொடர்ந்தார். இயற்கை வெறுங்காட்சியாயின், காட்சி மறைந்ததும் அக்கலையும் மறைந்திருத்தல் வேண்டும். அது மறையாமைக்குக் காரணம் யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்த முகர்ஜிக்கு ஒரு கண்ணிற் பார்வை இல்லை. மற்றக் கண்ணோ மிகுந்த கிட்டப்பார்வை உடையது. 1917இல் சாந்திநிகேதனிற் பள்ளி மாணவராகச் சேர்ந்த அவர், 1919இல் அங்கு தோன்றிய கலாபவனத்தின் தொடக்ககால மாணவர்களுள் ஒருவரானார். இத்தகைய கண்களோடு ஓவியம் பயிலல் கூடுமோ என நந்தலால் போஸ் ஐயுற்றார். ரவீந்திரநாத் தாகூரோ அவரது ஆர்வத்துக்குத் தடை விதிக்கவில்லை. 1925 முதல் அவர் அங்கேயே ஆசிரியருமானார்.

சாந்திநிகேதன் அமைந்துள்ள வீர்பூம் மாவட்டத்து நிலம், வயலும் நீரும் நிறைந்த வங்காளம் என நாம் எண்ணிக்கொள்ளும் நிலமன்று. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களை அங்குள்ளோர் 'கோவாய்' என்பர். அவற்றிடையே தனித்து நிற்கும் பனைகளும், கோடையில் மெலிந்துவிடும் கோபாய் ஆறும் அந்நிலத்தின் அடையாளங்கள். வங்காள ஓவியமரபினர் பலர் புராண, சரித்திர நிகழ்ச்சிகளை மென்வர்ணப் பூச்சில் தீட்டிய காலத்தில், முகர்ஜி தம் காலடியிற் கிடந்த இவ்வரண்ட நிலத்தை வரையத் தொடங்கினார்.

அதற்கு அவர் தேர்ந்த வடிவம் மனங்கொள்ளத்தக்கது. 1924இல் அவர் வரைந்த 'சாந்திநிகேதன் காட்சிகள்' நாற்பது அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய சுருளோவியம். இத்தகைய ஓவியத்தை ஒரே நோக்கிற் காணல் இயலாது. சிறிது சிறிதாக விரித்து, நடந்து செல்பவனைப் போலவே காணவேண்டும். அண்மையில் உள்ளதை மட்டுமே தெளிவாகக் காணும் கண்ணுக்கு உலகமும் இவ்வாறே தோன்றும். தொலைவிலிருந்து முழுமையை நோக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர், பகுதிகளைத் தொடுத்து முழுமையை ஆக்கும் முறையைக் கண்டார் எனலாம். 1937–38இல் யப்பானில் தங்கியிருந்தபோது செஷு, சோதாட்சு ஆகியோரின் மரபை நேரிற் கண்டமை இம்முறையை மேலும் உறுதிப்படுத்தியிருத்தல் வேண்டும்.

1940இல் கலாபவன மாணவர் விடுதியின் உட்கூரையில் அவர் தீட்டிய வீர்பூம் கிராம ஓவியம் அடுத்த படிநிலை. நடுவில் ஒரு குளம்; அதனைச் சூழ மரங்கள், விலங்குகள், குடிசைகள், மனிதர். அண்ணாந்து நோக்குபவர் எத்திசையில் நின்றாலும் ஓவியம் அங்கிருந்தே தொடங்குகிறது. மனிதர் தலைமை மாந்தராகவும் மரங்கள் பின்னணியாகவும் பிரிக்கப்படவில்லை. குளத்தை நாடி வாழும் யாவும் ஒரே ஒழுங்கிற்கு உட்படுகின்றன. இங்கு இயற்கை ஓவியத்தின் பொருளாக இருப்பதோடு, உருவங்களைத் தொடர்புபடுத்தும் விதியாகவும் அமைகிறது.

இவ்விதியின் முழுமையை 1946–47இல் இந்தி பவனச் சுவர்களில் எழுந்த 'மத்தியகால ஞானியர் வாழ்வு' என்ற ஓவியத்திற் காணலாம். ஈரச் சுண்ணச்சாந்து காயுமுன் வரைந்து முடிக்கவேண்டிய முறை அது. திருத்தத்துக்கு அதிக இடமில்லை. முகர்ஜியின் கண்ணோ முழுச்சுவரையும் ஒருசேரக் காணவியலாதது. ஆயினும் முழு அளவு மாதிரியைச் சுவரிற் படியெடுக்காமலே அவர் நேரடியாக வரைந்தார். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் ஆகியோர் மூன்று சுவர்களில், மக்கள் திரளினூடே ஆற்றோட்டமாக வருகின்றனர். திரள் ஓரிடத்தில் நெருங்குகிறது, ஓரிடத்தில் அகல்கிறது. செம்மண் நிலத்தினதும் ஆற்றினதும் அசைவைப் பல்லாண்டுகள் பயின்ற கையே மனிதத் திரளையும் இவ்வாறு ஒழுங்குபடுத்தியது.

ஒதுங்கிப்போன கலை என்னும் குற்றச்சாட்டை இவ்விடத்து நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். 1943இன் வங்கப் பஞ்சத்தை சைனுல் ஆபெதீனும் சித்தபிரசாதும் கருங்கோடுகளிற் பதிவுசெய்தனர். அத்தகைய உடனடிச் சாட்சியம் முகர்ஜியின் பெயரோடு நிலைபெறவில்லை. அது ஒரு குறைவே. எனினும் 1946 ஆகஸ்டில் கல்கத்தா வீதிகளில் மதத்தின் பெயராற் குருதி சிந்தப்பட்டது. மறு ஆண்டு நாடு பிரிவினைக்கு உள்ளாயிற்று. அதே காலத்தில், பல மொழிகளையும் சமயநெறிகளையும் சேர்ந்தோரை எல்லைக்கோடின்றி ஒரே ஓட்டத்தில் இணைத்த ஓவியத்தை மௌனம் என ஒதுக்கிவிட முடியாது. அதன் சமூகக் கூற்று உள்ளடக்கத்தைக் காட்டிலும் உருவத்திலேயே உறைந்துள்ளது.

1950களின் பிற்பகுதியில், கண் சத்திரசிகிச்சை பயனளிக்காமையால் பார்வை முற்றாக அகன்றது. அவருடைய முன்னாள் மாணவர் சத்யஜித் ரே 1972இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'அகக்கண்' எனப் பொருள்படும் பெயரிட்டார். அழகிய பெயர், ஆயினும் நடந்ததை ஓர் அற்புதமாக எண்ணச்செய்யும் அபாயமும் அதில் உண்டு. முகர்ஜி கடதாசியை மடித்தும் வெட்டியும் ஒட்டுச்சித்திரங்கள் செய்தார். விரல்களால் மெழுகுச் சிற்பங்கள் வனைந்தார். 1972இல் கலாபவனத்தில் ஓட்டுப்பதிப்புச் சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார். விரிந்த நிலவெளி இவற்றில் இல்லை. நுண்விவரங்கள் உதிர்ந்து, வடிவத்தோடு வடிவம் பொருந்தும் இயைபு மட்டுமே எஞ்சுகிறது. முந்திய ஆக்கங்களின் செறிவு இவை எல்லாவற்றிலும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எஞ்சியிருப்பது, கோவாய் நிலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கற்கத் தொடங்கிய அதே ஒழுங்கேயாகும்.

ஆகவே, முகர்ஜியை இயற்கையைப் பார்த்து வரைந்தவர் என்பதிலும் இயற்கையிடம் கற்றவர் என்பதே பொருந்தும். பார்த்தது கண்ணோடு போயிற்று. கற்றது கையில் நின்றது. இயற்கை ஓவியர் ஒருவரை மதிப்பிட முற்படுவோர், அவர் எதனை வரைந்தார் என்ற வினாவோடு அமையாது, வரைந்ததிலிருந்து எந்த ஒழுங்கைக் கற்றார், அதனை மனித வாழ்வின் எந்தப் பகுதிக்குக் கொண்டுசென்றார் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூறவல்ல ஓவியங்கள் சிலவே. இந்தி பவனச் சுவர் அவற்றுள் ஒன்று.