ஏக், அநேக், அப்புறம் அந்த எலிகள்

'ஏக் அநேக் ஔர் ஏக்தா' என்று பெயரைச் சொன்னால் என் வயசுக்காரர்கள் முழிப்பார்கள். மெட்டை லேசாக முனகிக் காட்டினால் போதும், "அட, அந்தக் குருவிப் படமா!" என்பார்கள். 1974ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த ஏழு நிமிஷ கார்ட்டூன். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே திடீர் திடீரென்று வரும். திருப்பூரில் மொட்டை மாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்த எங்களுக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் சின்ன வயசில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் மறுபடி பார்த்தேன். என் பெண்ணும் அவளோட ஸ்கூல் ஃப்ரெண்டும் பக்கத்தில். அந்தப் பிள்ளையின் குடும்பம் பீகாரிலிருந்து வந்தது. அப்பாவுக்கு பனியன் கம்பெனியில் வேலை. அஞ்சாவது படிக்கிற அவள்தான் வரிக்கு வரி எனக்குத் தமிழில் சொன்னாள். முப்பத்தஞ்சு வருஷம் கழித்து, எனக்குப் பிடித்த படத்தின் வசனம் முதல்முறையாகப் புரிந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: மாமரத்தடியில் குழந்தைகள். ஒரு பையன் அக்காவிடம் 'அநேக்' என்றால் என்ன என்று கேட்கிறான். சூரியன் ஒன்று, நிலா ஒன்று, நட்சத்திரம் பல என்று அக்கா ஆரம்பிக்கிறாள். ஒரு அணில் ஓடும், பின்னாடியே அணில் கூட்டம். ஒரு பட்டாம்பூச்சி, அப்புறம் பல. (டேட்டாபேஸில் 'ஒன்-டு-மெனி'யை இவ்வளவு அழகாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.) பிறகு வேடன் வலையில் சிக்கிய குருவிகள் ஒன்றாக எழும்பி வலையோடு பறந்துபோகும் கதை. கடைசியில் குழந்தைகளும் ஒன்று சேர்ந்து மாங்காய் பறிக்கிறார்கள். நிறம், உடை, மொழி வேறானாலும் நாட்டு மக்கள் எல்லாரும் ஒன்றே என்று பாட்டு.

பாஷை தெரியாமலே எனக்கு எப்படிப் புரிந்தது என்று யோசித்தேன். பாதிக் காரணம் பீம்சைன். ஓவியம், அனிமேஷன் அவர் பொறுப்பு. பின்னாளில் 'கரோண்டா' எடுத்தவர். தேவையில்லாத கோடு ஒன்றுகூட இல்லாத படம். திரையில் எண்ணிக்கை கூடுவதே அர்த்தமாகிவிடுகிறது. மீதிக் காரணம் நம் தமிழ். ஏகம், அநேகம் இரண்டும் எங்கள் ஆத்தா பேச்சிலேயே புழங்கிய வார்த்தைகள். இதில் ஒரு கூத்தும் உண்டு. படத்தில் வேடனுக்கு 'வியாத்' என்ற சமஸ்கிருதச் சொல் வரும். நான் அதை 'வியாதி' என்றே நினைத்திருந்தேன். குருவிகளுக்கு ஏதோ நோய் வந்து கீழே உட்கார்ந்துவிட்டன என்று ரொம்ப நாள் நம்பினேன். இப்போது பார்த்தால், படத்துக்குள்ளேயே ஒரு பையன் "வியாத் என்றால் என்ன?" என்று கேட்கிறான். எங்கள் மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. பையன் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆக, ஹிந்திக் குழந்தைக்கே ஒரு சொல் புரியாமல் போகலாம், நின்று விளக்க வேண்டும் என்பது இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. இயக்குநர் விஜயா முலே. மராத்திக்காரர், பீகாரில் வாழ்ந்தவர், என்சிஇஆர்டியின் கல்வித் தொழில்நுட்ப மையத்துக்குத் தலைமை வகித்தவர். 1975-76ல் 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு சாட்டிலைட் வழியே டிவி காட்டிய 'சைட்' திட்டம் அந்தக் காலத்தது. அதன் மொழிகள் ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நான் பார்த்ததெல்லாம் ஹிந்திப் பிரதிதான். மொழி பலவானாலும் ஒன்றே என்று சொல்கிற வரி, அந்த ஒரு மொழி தெரிந்தால்தான் விளங்கும். இதை வைத்து 1965ஐ இழுத்து ஒரு சண்டை போடலாம். எனக்கு அதைவிட உறுத்தியது எலிகள்.

குருவிகள் ஒற்றுமையாக வலையைத் தூக்கிவிட்டன, சரி. ஆனால் இன்னும் வலைக்குள்தானே இருக்கின்றன? எத்தனை குருவி சேர்ந்தாலும் அலகால் வலையை அறுக்க முடியாது. அறுத்தது ஊரோரம் இருந்த எலிகள். படம் அவர்களை 'தோஸ்த்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இது பஞ்சதந்திரக் கதை. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த பஞ்சதந்திரத்தில் 'சுகிர்லாபம்' என்ற பகுதி. பெயரே நட்பைப் பெறுதல். சித்திரக்கிரீவன் என்ற புறா அரசன் வலையோடு பறந்து இரணியகன் என்ற எலியிடம் போகிறான். என் கட்டை அப்புறம் பார், முதலில் மற்றவர்களுடையதை அறு என்கிறான். இதைப் பார்த்த காகம் ஒன்று எலியிடம் வந்து நட்புக் கேட்கிறது. நான் உன் இரை, நமக்குள் நட்பா என்று எலி தயங்குகிறது. பிறகு ஆமை, மான் என்று கூட்டம் வளர்கிறது. ஒரே ஜாதிப் பறவைகளின் ஒற்றுமை மூலக்கதையில் தொடக்கம் மட்டும்தான். அதன் கனம் முழுக்க, ஒன்றாகவே முடியாத பிராணிகளின் பழக்கத்தில் இருக்கிறது. படம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு 'ஏக்தா' என்று பெயர் வைத்துவிட்டது.

ஏழு நிமிஷத்தில் எல்லாம் சொல்ல முடியாதுதான். சின்னப் பிள்ளைகள் படம் வேறு. வசந்த் தேசாயின் இசை இன்றும் அலுக்கவில்லை. அதில் கேட்பது சிறுமியாக இருந்த சாதனா சர்கத்தின் குரல். அதே சாதனா சர்கம் பிற்பாடு தமிழில் பாடி, 'அழகி' படத்துக்காக தேசிய விருது வாங்கினார். பட்டியலில் இல்லாத மொழிக்கு அந்தக் குரலாவது வந்து சேர்ந்ததே என்று இருந்தது.

படம் முடிந்து அந்தப் பிள்ளையிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர் எல்லா இடத்திலும் அம்மாவுக்குத் தமிழ் சொல்வது அவள்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஸ்கூலுக்கு லீவு.

கொஞ்ச நேரம் கழித்து, வராண்டாவில் என் பெண்ணுக்கு அதே கதையை அவள் மறுபடி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவள் சொன்ன கதையில், வலையை அறுக்கிறதுக்கு முன்னாடி எலிகள் "எங்களுக்கு எத்தனை நெல்லு தருவீங்க?" என்று குருவிகளிடம் கேட்டன. படத்தில் அப்படி இல்லையே என்றேன்.

"சும்மா வந்து அறுப்பாங்களா அங்கிள்? பல்லு வலிக்குமில்லீங்க?" என்றாள்.