நடுகல் இல்லாத பாலைவனம்
குழு ஆட்டங்களும் ஆட்டக்காரர்களின் ஆசைப் பட்டியலும்

'ஹப்' என்ற இடிந்த ஊரிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் பசியில் திரிந்த கொள்ளைக்கூட்டம் ஒன்று மறித்தது. சண்டை ஒரு நிமிடம்கூட நீளவில்லை. ஐவரும் மணலில் கிடந்தார்கள். வந்தவர்கள் எங்கள் மூட்டையில் இருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களைக் கொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒருத்தி மட்டும் கண் விழித்தாள். தன் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் தவழ்ந்து போனாள். மூவரைக் காப்பாற்ற முடிந்தது. நான்காமவன் இரத்தம் வடிந்து ஏற்கெனவே இறந்திருந்தான்.

மறுநாள் காலை மிஞ்சிய நால்வரும் தாது வெட்டப் போனார்கள். இறந்தவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் கழித்து அதே வழியில் போனபோது உடலும் இல்லை, எலும்பும் இல்லை. அவன் இருந்தான் என்பதற்கு என் ஞாபகம் ஒன்றுதான் சாட்சி.

'கென்ஷி' என்ற வீடியோ ஆட்டத்தில் இப்படி ஒரு சாயங்காலம் எல்லோருக்கும் வாய்க்கும். அந்த ஆட்டத்தின் பெருமையும் குறையும் இதற்குள்ளேயே இருக்கின்றன. இந்த வகை ஆட்டங்களுக்கு என்னென்ன வசதிகள் சேர்க்கலாம் என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியல் போட்டு வருகிறார்கள். குதிரை, வண்டி, துப்பாக்கி, கப்பல், கல்யாணம், குழந்தை என்று அது நீள்கிறது. பெரும்பாலும் கேட்கப்படுவது பொருள். இந்த ஆட்டங்களுக்குக் குறைவதோ நினைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

கதாநாயகன் இல்லாத கதை

குழுவாகப் பயணம் போகும் ஆட்டம் கணினிக்குப் புதிதன்று. 1981இல் வந்த 'விசார்ட்ரி'யிலேயே ஆறு பேர் சேர்ந்து நிலவறைக்குள் இறங்கினார்கள். 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' அந்தக் குழுவுக்குக் குரலும் குணமும் கொடுத்தது. ஆனால் அங்கே உலகம் நமக்காகக் காத்திருக்கிறது. தீர்க்கதரிசனம் நம்மைப் பற்றியது. வில்லனுக்கும் நம்மோடுதான் கணக்கு.

இன்னொரு கிளை வேறு பக்கம் போயிற்று. துருக்கியில் அங்காராவைச் சேர்ந்த டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'மவுண்ட் அண்ட் பிளேட்', ஜெர்மனியில் உருவாகி 2017இல் முழுமையடைந்த 'பேட்டில் பிரதர்ஸ்', பிரான்சின் ஷிரோ கேம்ஸ் 2023இல் முடித்த 'வார்டேல்ஸ்' எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. இவற்றில் நாம் பெரிய ஆள் இல்லை. கூலிக்கு வாள் பிடிப்பவர்கள், அவ்வளவுதான். நாம் தூங்கினாலும் அரசர்கள் சண்டை போடுவார்கள். நாம் செத்தாலும் சந்தை கூடும்.

இந்தக் கிளையின் நுனிக்கொம்பு 'கென்ஷி'. இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் ஹன்ட், பகுதிநேரக் காவலாளி வேலை பார்த்துக்கொண்டே இதைத் தனியாளாகத் தொடங்கினார். பிறகு லோ-ஃபை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாயிற்று. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 2018 டிசம்பரில் ஆட்டம் முழுமையாக வெளிவந்தது. அதன் நிலப்பரப்பு 870 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்கு. இங்கே 'லெவல்' ஏறுவது கிடையாது. ஓடினால் ஓட்டம் வரும். பாரம் சுமந்தால் வலு வரும். அடி வாங்கினால்தான் உடம்பு உரம் ஏறும். கை போனால் போனதுதான், காசு இருந்தால் இயந்திரக் கை மாட்டிக்கொள்ளலாம். அந்தக் கையோடு 'ஹோலி நேஷன்' என்ற மதவாத நாட்டுக்குள் போனால் அவர்கள் வெட்ட வருவார்கள்.

தோல்வியே பாடமாக இருக்கும் ஆட்டம் இது. அதனால்தான் இதற்கு யோசனை சொல்வது கடினம். ஆட்டக்காரர் கேட்கும் ஒவ்வொரு வசதியும் பாடத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துவிடக்கூடும்.

குதிரை வேண்டுமா?

பட்டியலில் மேலே நிற்கும் ஆசை இதுதான். கென்ஷியில் பொதி சுமக்க மாடு வாங்கலாம், காவலுக்கு நாய் வளர்க்கலாம்; எதன்மீதும் ஏற முடியாது. 870 சதுர கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டும்.

கேட்பவர் நியாயம் புரிகிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் தூரம் வெற்றிடமாக இல்லை. அமில மழை பெய்யும் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போவதா, குறுக்கே ஓடுவதா என்று யோசிக்கும்போதும், அடிபட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் சேர்வோமா என்று பதறும்போதும்தான் கதை பிறக்கிறது. குதிரை வந்தால் கொள்ளைக்காரன் பின்தங்கிவிடுவான். அவனோடு கதையும் பின்தங்கிவிடும்.

மவுண்ட் அண்ட் பிளேடில் நிலைமை வேறு. அங்கே பயணம் வரைபடத்தில் நகரும் ஒரு சிறு உருவம்தான். குதிரைக்குப் போர்க்களத்தில்தான் வேலை: பாய்ச்சலின் வேகம் ஈட்டியின் அடியோடு சேர்கிறது. குதிரையை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தின் பெயரே பாதி போய்விடும். ஆக, ஒரு யோசனை நல்லதா கெட்டதா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்த மண்ணில் நடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

சொன்னதைச் செய்யும் தோழன்

அடுத்த ஆசை, குழுவினருக்குக் கொஞ்சம் சொந்தப் புத்தி. 1997இல் வந்த 'ஃபால்அவுட்'டில் இயன் என்ற தோழன் எதிரியைச் சுடுவதாக நினைத்து ஆட்டக்காரரின் முதுகில் குண்டு பாய்ச்சிய கதை பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில், தோழர்கள் எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வழி செய்தார்கள்.

இதை ஒரு கலையாக்கியது 2006இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 12'. 'கேம்பிட்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வரிகள் வரை எழுதலாம்: தோழன் உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து கொடு, எதிரி பறந்தால் மந்திரம் எய். மேலே உள்ள வரிக்கு முதல் மரியாதை. மூன்று ஆண்டு கழித்து 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' இதே வழியைப் பின்பற்றியது.

கென்ஷியில் இதன் ஒரு பாதி ஏற்கெனவே இருக்கிறது. வயல் வேலை, தாது வெட்டுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் என்று ஒவ்வொருவருக்கும் வேலைகளை வரிசைப்படுத்தலாம். நிபந்தனைகள்தான் இல்லை. "சண்டை வந்தால் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கோட்டைக்குள் ஓடு", "சாப்பாடு குறைந்தால் சமையல்காரனுக்கு உதவு" என்று எழுத முடிந்தால் முப்பது பேரை மேய்ப்பது எளிதாகும். இந்த யோசனைக்கு என் வாக்கு உண்டு. இது தோல்வியைத் தடுக்காது. தோற்றால் பிழை நம் எழுத்தில் என்று காட்டும். ஒருவனுக்குப் பழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால், அதுவே நினைவின் முதல் படி.

அருகில் நிற்பவன் யார்?

அதற்கு அடுத்த படி, உறவு. இதில் எல்லா ஆட்டங்களுக்கும் பாடம் சொல்லும் மூத்தவர் ஒருவர் உண்டு: 1999இல் வந்த 'ஜாக்டு அலையன்ஸ் 2'. அருல்கோ என்ற கற்பனை நாட்டில் கூலிப்படையை வைத்துக்கொண்டு ஒரு சர்வாதிகாரியைக் கவிழ்க்க வேண்டும். கூலிப்படையினர் ஒவ்வொருவருக்கும் தனிக் குரல், தனி வாய்த்துடுக்கு, பிடித்தவர், பிடிக்காதவர். பிடிக்காதவனை அதே குழுவில் சேர்த்தால் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். நம்மிடம் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் செத்திருந்தால், புதிதாகக் கூப்பிடும்போது "உன்னோடு வர மாட்டேன்" என்று தொலைபேசியை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நம் கையில் இருக்கும் இரத்தக்கறை நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கென்ஷியில் தனிப் பெயரும் கதையும் கொண்ட சிலர் நம்மோடு சேர்ந்தால் அவ்வப்போது வாய் திறப்பார்கள். 'பீப்' என்ற வெகுளி அப்படித்தான் ஆட்டக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனான். மற்றவர்கள் பெரும்பாலும் ஊமைகள். அவர்களுக்குள்ளும் உறவு முளைக்கட்டும். ஒருவனை அடிமைச் சந்தையிலிருந்து மீட்டவன் அவனுக்கு அண்ணனாகட்டும். வெளியேறும்போது விட்டுவிட்டு ஓடியவன்மேல் அவனுக்குக் கசப்பு இருக்கட்டும். இதற்குப் பெரிய வசனம் தேவையில்லை. சண்டையில் யார் பக்கத்தில் போய் நிற்கிறான், கூடையில் இருக்கும் கடைசி ரொட்டியை யாருக்கு விடுகிறான் என்பதிலேயே தெரிந்துவிடும்.

எதிரிக்கும் நினைவு வேண்டும். 2014இல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' அதைச் செய்து காட்டியது. நம்மைக் கொன்ற சாதாரண ஓர்க் அரக்கன் ஒருவன் அந்தப் புகழாலேயே தலைவனாகிவிடுவான். அடுத்த முறை பார்க்கும்போது பழசைச் சொல்லிக் கிண்டல் செய்வான். நாம் தீயில் தள்ளியவன் வெந்த முகத்தோடு திரும்பி வருவான். இந்த 'நெமசிஸ்' முறைக்கு வார்னர் நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுக்கொண்டது. எதிரி நம்மை ஞாபகம் வைத்திருப்பது என்ற எண்ணம் ஊர்ப் பொதுக் கிணறு போல இருந்திருக்க வேண்டியது. அதற்கு வேலி விழுந்துவிட்டது. பிறர் இறங்கத் தயங்கினால் குற்றம் சொல்ல முடியாது.

உலகம் எதை நினைவில் வைக்கிறது?

கென்ஷியின் மண் முழு மறதிக்காரன் அன்று. ஒரு நாட்டின் தலைவனைப் பிடித்தாலோ கொன்றாலோ அவன் ஊர்கள் கைமாறும், சில பாழாகும், புதியவர்கள் குடியேறுவார்கள். இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு மட்டும். கோதுமை விளைவித்து ஓர் ஊருக்கே சோறு போட்டாலும் அந்த ஊர் கொழுக்காது. கடைச் சரக்கு குறிப்பிட்ட காலத்தில் தானாக நிரம்பிக்கொள்ளும்.

காலத்தைப் பிடிக்க முயன்றது 'பேனர்லார்ட்'. 2020இல் பாதிச் சமையலாக விற்பனைக்கு வந்து 2022இல் முழுமையடைந்த இந்த ஆட்டத்தில் மூப்பும் சாவும் வாரிசும் உண்டு. அப்பா செத்தால் பிள்ளையாக ஆட்டத்தைத் தொடரலாம். அருமையான எண்ணம், கணக்கில்தான் சிக்கல். அங்கே ஓர் ஆண்டுக்கு 84 நாட்கள். குழந்தை பதினெட்டு வயதை எட்ட 1,512 நாட்கள் ஆக வேண்டும். அவ்வளவு தூரம் பொறுமையாக ஆடுபவர் குறைவு. தலைமுறை என்ற வசதியைச் சேர்ப்பது எளிது. அது ஆட்டக்காரரின் பொறுமைக்குள் அடங்குமாறு காலத்தைச் சுருக்குவதுதான் கடினம்.

மோட் எட்டும் உயரம்

"மோட் (ரசிகர்களே செய்யும் திருத்தம்) போட்டுக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. கென்ஷியோடு அதன் தரவுகளைத் திருத்தும் கருவியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து முப்பது பேர் என்ற வரம்பை 256 வரை உயர்த்தினார்கள்; புதிய ஊர்களையும் இனங்களையும் வசனங்களையும் சேர்த்தார்கள். ஆனால் அந்தக் கருவியால் தரவைத்தான் திருத்தலாம். ஆட்டத்தை இயக்கும் என்ஜினைத் தொட முடியாது. மனஸ்தாபமும் துக்கமும் என்ஜினுக்குள் முளைக்க வேண்டியவை. ஜாக்டு அலையன்ஸ் 2இன் மூல நிரலே வெளியானதால்தான் '1.13' என்ற ரசிகர் பதிப்பு பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்தது.

செய்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கென்ஷியில் நம் ஆட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள நிலம்தான் முழு உயிரோடு இயங்குகிறது, மற்றது உறங்குகிறது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் நினைவில் வைக்கச் சொன்னால் கணினி மூச்சு வாங்கும். லோ-ஃபை இப்போது அன்ரியல் என்ஜினில் இரண்டாம் பாகத்தைச் செய்துவருகிறது. கதை முதல் பாகத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. வேரிலேயே மாற்றம் செய்ய இது தோதான நேரம்.

ஒரு கல்

எனக்கென்று ஒரு யோசனை சொல்லச் சொன்னால் சிறிதாகத்தான் கேட்பேன். பேட்டில் பிரதர்ஸில் இறந்தவர் பட்டியல் ஒன்று உண்டு: பெயர், எத்தனை நாள் நம்மோடு இருந்தான், எப்படிச் செத்தான். அது ஏடு, யாரும் போய் நிற்கும் இடம் அன்று. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்களின் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடக்கம் செய்யாமல் விட்ட குள்ளன் ஆவியாகத் திரும்பி வந்து உயிரோடு இருப்பவர்களை அலைக்கழிப்பான். அவன் பெயரைப் பொறித்து ஒரு கல் வைத்தால் அடங்குவான். போரில் விழுந்தவனுக்குப் பேரும் பீடும் எழுதிக் கல் நட்டவர்களின் மொழியில் இதை விளக்க வேண்டியதில்லை.

கென்ஷிக்கும் அதுதான் வேண்டும். இறந்தவனைத் தூக்கிவந்து புதைக்க ஒரு மண்வெட்டி, மேலே நட ஒரு கல். கல்லில் பெயரும், விழுந்த நாளும், அவன் உடம்பில் இருந்த தழும்புகளின் கணக்கும். தாது வெட்டப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகப் போகும்போது ஒரு கணம் நடை தளரட்டும். ஒருவேளை, அன்று அவனிடம் தவழ்ந்து போனவள் மட்டும் சற்று அதிக நேரம் நிற்கட்டும். இதனால் யாருக்கும் வலு கூடாது, வாளின் கூர்மை ஏறாது. அடுத்த முறை அந்த வழியில் போகலாமா என்று யோசிக்கும்போது, கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.